பாட்ரிக்குக்கு ஒரு வக்காலத்து

ஜான் கிரீன் எழுதிய ‘தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்’ நாவல் வெளிவந்தது 2012 ஜனவரியில். ஈரோட்டில் எங்கள் சபைக்கு அது வந்து சேர இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. வந்ததும் நேராகப் புகாராகத்தான் வந்தது. ஓய்வுநாள் பாடசாலை முடிந்து பிள்ளைகளை அனுப்பிக்கொண்டிருந்தபோது, பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் ஒரு பெண்ணின் அம்மா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். “ஏனுங்க்கா, பாப்பா ஒரு இங்கிலீஷ் கதைப் புத்தகத்தை வெச்சுட்டு ராத்திரியெல்லாம் அழுகறாளுங்க. கேன்சர் வந்த புள்ளையும் பையனும் லவ் பண்றாங்களாம். கடவுளே இல்லைங்கற மாதிரி வேற வருதாம். நீங்க படிச்சுப் பாத்துட்டு, இதைய அவ படிக்கலாமா வேண்டாமான்னு சொல்லுங்க.”

இந்த மாதிரிக் கேள்விகள் என்னிடம் வருவதற்குக் காரணம் வேத ஞானம் ஒன்றும் இல்லை. வாலிபர் ஐக்கியத்தின் பொறுப்பும் நாவல் படிக்கும் பழக்கமும் எங்கள் சபையில் என் ஒருத்தியிடம்தான் சேர்ந்து இருக்கின்றன. சரி என்று வாங்கி வந்தேன்.

2014-ல் ஹாலிவுட்டில் படமாக வந்த கதை. 2020-ல் இந்தியில் ‘தில் பேச்சாரா’ என்று எடுத்தார்கள். சுஷாந்த் சிங் ராஜ்புத்தின் கடைசிப் படம், ஏ.ஆர். ரகுமானின் இசை என்பதால் நம் பிள்ளைகளில் பலர் பார்த்திருப்பார்கள். நாவல் அந்தப் படங்களைவிடக் காரமானது. கதையைச் சொல்லும் பெண் ஹேசலுக்கு வயது 16. தைராய்டில் தொடங்கிய புற்றுநோய் நுரையீரலுக்குப் பரவி, போகிற இடமெல்லாம் ஆக்சிஜன் சிலிண்டரைச் சின்ன வண்டியில் வைத்து இழுத்துக்கொண்டு போகிறாள். ஆகஸ்டஸுக்கு 17. எலும்புப் புற்றுநோய்க்கு ஒரு காலைக் கொடுத்தவன். அவன் நண்பன் ஐசக்குக்கு இருக்கிற ஒரு கண்ணும் போகப்போகிறது. மூன்று பேரும் சந்திப்பது ஒரு சர்ச்சில்.

அந்த சர்ச் எபிஸ்கோபல் சபையைச் சேர்ந்தது. எபிஸ்கோபல் சபையும் எங்கள் தென்னிந்தியத் திருச்சபையும் ஒரே ஆங்கிலிக்கன் ஐக்கியத்தில் இருப்பவை. அந்த வகையில் எங்களுக்குத் தூரத்து ஒறம்பரை. ஆசிரியரும் வெளியாள் இல்லை. கல்லூரியில் ஆங்கில இலக்கியத்தோடு மதவியலையும் படித்து, 2000-ல் வெளியே வந்து, ஒஹையோ மாநிலத்தில் ஒரு குழந்தைகள் மருத்துவமனையில் சாப்ளினாக, அதாவது நோயாளிகளுக்கும் குடும்பத்தாருக்கும் ஆறுதல் சொல்லும் ஊழியராக, சில மாதம் வேலை பார்த்தவர். குருவாகும் எண்ணம் அப்போது இருந்தது. அந்த மருத்துவமனைக்குப் பிறகு அந்தப் பாதையில் அவர் போகவில்லை. சாகப்போகிற பிள்ளையின் கட்டிலருகே நின்று, பெற்றவர்களுக்கு என்ன சொல்வது என்று தெரியாமல் விழித்த ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று பல பக்கங்களில் எனக்குத் தோன்றியது.

சர்ச்சின் கட்டடம் சிலுவை வடிவில் இருக்கிறது. அதன் அடித்தளத்தில், சிலுவையின் இரண்டு கட்டைகளும் சந்திக்கும் இடத்துக்கு நேர் கீழே நாற்காலிகளை வட்டமாகப் போட்டு நோயாளிப் பிள்ளைகள் உட்காருகிறார்கள். கூட்டத்தை நடத்துகிறவர் பாட்ரிக். நாமெல்லாம் இயேசுவின் இருதயத்துக்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறோம் என்று கூட்டத்துக்குக் கூட்டம் சொல்லுகிறார். பிள்ளைகளுக்கு அது பெரிய வேடிக்கை. பாட்ரிக்கும் ஒரு காலத்தில் நோயாளி, விதைப்பையில் புற்றுநோய் வந்து பிழைத்தவர். அந்தக் கதையை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்து சொல்வார். கடைசியில் ஜெபம். அந்தக் குழுவில் இருந்து இறந்துபோனவர்களின் பெயர்களை எல்லாம் அதில் வாசிக்கிறார். மனப்பாடம் செய்ய முடியாத நீளம் என்பதால் தாளைப் பார்த்துத்தான் வாசிக்க வேண்டியிருக்கிறது. ஒருநாள் தன் பெயரும் அந்தப் பட்டியலின் வாலில், யாரும் கவனிக்காமல் போன பிறகு வரும் என்று ஹேசல் நினைத்துக்கொள்கிறாள். அந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் புத்தகத்தை மூடிவைத்துவிட்டேன். எங்கள் சபையிலும் ஜெபக்குறிப்புகளை வாசிக்கிறோம். ஆறாவது ஏழாவது பெயர் வரும்போது பின் வரிசையில் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும்.

ஆகஸ்டஸின் வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவன் அம்மா அப்பா நல்ல மனிதர்கள். ஊக்கமூட்டும் வாசகங்களாகப் பார்த்துப் பார்த்து வீடு முழுக்க மாட்டி வைத்திருக்கிறார்கள். சுவரில் வாசகம், குஷன் உறையில் தையல் வாசகம். வேதனை இல்லாவிட்டால் மகிழ்ச்சியை எப்படி அறிவோம் என்று கேட்கிறது ஒன்று. ஹேசல் அதை ஒரே வரியில் கவிழ்த்துவிடுகிறாள்: பிராக்கோலி என்று ஒன்று இருப்பதால் சாக்லேட்டின் ருசி மாறிவிடுவதில்லை.

இதைப் படித்து யாராவது சிரிக்கலாம் என்றால் அது நாங்கள்தான், ஏனென்றால் எங்கள் வீடுகள் அப்படியே இருக்கின்றன. காலண்டரில் வசனம், கதவில் வசனம், ஸ்கூட்டரின் முன்பக்கத்தில் வசனம். டிசம்பர் 31 ராத்திரி ஆராதனையில் தட்டில் வாக்குத்தத்த அட்டைகள் வரும், ஆளுக்கொன்று எடுப்போம், வருடம் முழுக்க அது பர்ஸில் இருக்கும். நான் அதைக் குறை சொல்லமாட்டேன், என் பர்ஸிலும் ஒன்று இருக்கிறது. ஆனால் நோய் வந்த வீட்டுக்குள் நாங்கள் வசனத்தோடு நுழையும் விதம் வேறு. “சகலமும் நன்மைக்கு ஏதுவாக நடக்கிறது” என்று ரோமர் எட்டாம் அதிகாரத்திலிருந்து எடுத்துச் சொல்லிவிட்டு, சாத்துக்குடிப் பையை மேசையில் வைத்துவிட்டு, பத்து நிமிடத்தில் கிளம்பிவிடுவோம். அந்த வசனத்தை எழுதிய பவுல், கப்பற்சேதத்தையும் சிறையையும் பிரம்படியையும் கண்டவர். நாங்கள் சாத்துக்குடியோடு வந்தவர்கள்.

வேதாகமமே இந்த விஷயத்தில் ஹேசல் பக்கம்தான் நிற்கிறது. எல்லாவற்றையும் இழந்து நின்ற யோபுவின் சிநேகிதர்கள் மூன்று பேரும் ஏழு நாள் இரவும் பகலும் அவனோடு தரையில் உட்கார்ந்து ஒரு வார்த்தையும் பேசாமல் இருந்தார்கள். அதுவரை அவர்கள் செய்தது சரி. வாயைத் திறந்த பிறகுதான் கெட்டது. 88-ஆம் சங்கீதம் ஒரு துளி ஆறுதலும் இல்லாமல் இருட்டிலேயே முடிகிறது. நானறிய எந்த வாக்குத்தத்த அட்டையிலும் அது அச்சானதில்லை.

நாவலின் தலைப்பு ஷேக்ஸ்பியரிடமிருந்து வருகிறது. ‘ஜூலியஸ் சீசர்’ நாடகத்தில், குற்றம் நம் நட்சத்திரங்களில் இல்லை, நம்மிடம்தான் என்று புரூட்டஸிடம் காசியஸ் சொல்வான். கிரீன் அதைத் திருப்பிப் போடுகிறார்: இந்தப் பிள்ளைகள் செய்த குற்றம் ஒன்றும் இல்லை. எங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளைக்கு இப்படி வந்தால் ஊர் சும்மா இருக்காது. பக்கத்து வீட்டில் ஜாதகத்தை எடுத்துப் பார்த்து நேரம் சரியில்லை என்பார்கள். தோட்டங்காட்டுக்காரர்கள் பூச்சிமருந்து என்பார்கள். நொய்யல் ஓரத்துக்காரர்கள் சாயத்தண்ணி என்பார்கள். 2011-ல் உயர் நீதிமன்றம் திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொன்ன அளவுக்குக் கெட்ட தண்ணீர் அது, அவர்கள் கோபத்தில் நியாயம் உண்டு. எங்கள் சபையில் கர்த்தருடைய சித்தம் என்பார்கள். இன்னும் கொஞ்சம் துணிந்தவர்கள், வீட்டில் ஏதாவது அறிக்கையிடாத பாவம் இருக்கும் என்று காதோடு காதாகச் சொல்வார்கள். எல்லோருக்கும் ஒரு காரணம் வேண்டும். சீலோவாம் கோபுரம் விழுந்து 18 பேர் செத்தபோது, அவர்கள் எருசலேமில் இருந்த மற்றவர்களைவிடப் பெரிய பாவிகளா என்று இயேசு கேட்டு, இல்லை என்று அவரே பதிலும் சொன்னார். எதனால் விழுந்தது என்று அவர் சொல்லவே இல்லை. லூக்கா 13. எங்கள் சபையில் இதைப் பிரசங்கிப்பது அபூர்வம்.

அந்த அம்மாவின் முதல் பயத்துக்கு வருகிறேன். ஆம்ஸ்டர்டாமுக்குப் போன இடத்தில் ஹேசலும் ஆகஸ்டஸும் ஒருநாள் உடலால் சேருகிறார்கள். திருமணத்துக்கு முன்பு இது கூடாது என்பதுதான் என் விசுவாசம், அதை மழுப்ப மாட்டேன். நாவலில் அது மிகச் சுருக்கமாக, கொச்சை இல்லாமல், ஆக்சிஜன் குழாயும் வெட்டுப்பட்ட காலும் தர்மசங்கடமுமாக வருகிறது. செல்போனில் பிள்ளைகள் கண்ணில் படுவதோடு ஒப்பிட்டால் இது ஒன்றுமே இல்லை. என்னால் ஜீரணிக்க முடியாமல் போனது வேறு இடம்: நாஜிகளுக்குப் பயந்து யூதச் சிறுமி ஆன் ஃபிராங்க் ஒளிந்திருந்த வீட்டில், எல்லோர் முன்பும் இருவரும் முத்தமிட, சுற்றி நிற்பவர்கள் கை தட்டுகிறார்கள். எட்டுப் பேர் மறைந்து வாழ்ந்து, ஒருவர் மட்டும் உயிரோடு திரும்பிய வீடு அது. அங்கே கைதட்டல் எனக்குக் கேட்கவில்லை.

அவர்கள் ஆம்ஸ்டர்டாமுக்குப் போன காரணம்தான் இந்த நாவலின் ஆழமான இடம். ஹேசலுக்கு உயிரான ஒரு புத்தகம் இருக்கிறது, பீட்டர் வான் ஹௌடன் என்பவர் எழுதியது. (புத்தகமும் ஆளும் கிரீனின் கற்பனை.) புற்றுநோய் வந்த ஒரு சிறுமி சொல்லும் கதை, ஒரு வாக்கியத்தின் பாதியில் நின்றுவிடுகிறது. அதற்குப் பிறகு அந்தச் சிறுமியின் அம்மாவுக்கு என்ன ஆயிற்று? வளர்த்த எலிக்கு என்ன ஆயிற்று? எழுதியவரை நேரில் கேட்டுவிட வேண்டும் என்று போகிறாள். கதவைத் திறப்பது ஒரு குடிகாரர். பதில் சொல்லாமல் அவமானப்படுத்தி அனுப்புகிறார். தன் சொந்த மகளைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்தவர் அவர் என்பது பின்னால்தான் தெரிய வருகிறது.

கதையை எழுதியவரிடமே போய்க் கேட்பதும், அவர் வாய் திறக்காமல் இருப்பதும் ஒரு கிறிஸ்தவ வாசகிக்கு என்ன என்று புரியாமல் போகுமா? மாற்கு சுவிசேஷமும் மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகளில் அப்படித்தான் நிற்கிறது. கல்லறை காலி, ஸ்திரீகள் பயந்து ஓடினார்கள், ஒருவரிடமும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு சரி. மீதி 12 வசனங்கள் அந்தப் பிரதிகளில் இல்லை.

ஹேசல் கேட்பது தன் அம்மாவைப் பற்றித்தான். முன்பு தீவிர சிகிச்சைப் பிரிவில் கிடந்தபோது, இனி நான் அம்மாவாக இருக்க மாட்டேன் என்று அவள் அம்மா அழுததைக் கேட்டுவிட்டாள். அந்தச் சொல் அன்றிலிருந்து அவளை அரிக்கிறது. கடைசிப் பகுதியில், அம்மா அவளுக்குத் தெரியாமல் சமூகப் பணியில் முதுகலைப் படிப்பு படித்துக்கொண்டிருப்பது வெளிப்படுகிறது. மகளுக்கு ஆகாதோ என்று அம்மா மறைத்த விஷயம் அது. மகளோ மகிழ்ந்துபோகிறாள். தான் போன பிறகு அம்மாவுக்கு ஒரு வாழ்க்கை இருக்கும்.

பாப்பா படிக்கட்டும், கூடவே நீங்களும் கதையைக் கேளுங்கள் என்று அந்த அம்மாவிடம் சொன்னேன். மகள் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டிருக்கிறார். அடுத்த வாரங்களில் ஒருநாள் வாசலில் நிறுத்தி, “அந்தப் புள்ளையோட அம்மா படிச்சு முடிச்சாங்களாங்க்கா?” என்றார். முத்தம் பற்றியெல்லாம் ஒரு பேச்சும் இல்லை. நாவலில் அது இல்லைங்க என்றேன். “அதைய எழுதாம உட்டுட்டாங்களே” என்று கோபித்துக்கொண்டார். யோவான் 19-ஐ எடுத்துக் காட்டினேன். இயேசு சிலுவையில் தொங்கிக்கொண்டு, “அதோ, உன் தாய்” என்று தன் தாயைச் சீஷனிடம் ஒப்படைத்த இடம். தான் போன பிறகு அம்மாவுக்கு என்ன ஆகும் என்ற கேள்வி அவருக்கும் இருந்திருக்கிறது.

அப்புறம் சவ அடக்கம். ஆகஸ்டஸின் அடக்க ஆராதனையில் போதகர், அவன் இப்போது பரலோகத்தில் குணமாகி முழுமையாக இருக்கிறான் என்கிறார். ஒரு கால் இல்லாததால் இங்கே அவன் முழுமை இல்லாமல் இருந்தானா என்று ஹேசலுக்குள் எரிகிறது. எனக்கும் எரிந்தது. உயிர்த்தெழுந்த இயேசுவின் உடம்பில் ஆணித் தழும்பு இருந்தது. விலாவில் காயம் இருந்தது, தோமாவிடம் கையை நீட்டித் தொடச் சொன்னார். எங்கள் ஆண்டவரே தழும்போடு எழுந்தவர் என்கிறபோது, ‘முழுமை’ என்று எதைச் சொல்கிறோம்? இந்த இடத்தில் கிரீன் சபையைக் கிண்டல் செய்கிறார் என்று கோபப்படுகிறவர்கள் யோவான் 20-ஐ ஒருமுறை படித்துவிட்டுக் கோபப்படலாம்.

அதே ஆராதனையில் ஹேசல் எழுந்து பேச வேண்டும். அவன் உயிரோடு இருந்தபோதே அவனுக்காக எழுதிய உரையை, அவனும் ஐசக்கும் மட்டும் இருக்க, வாசித்துக் காட்டியவள் அவள். இப்போது அதைப் பேசுவதில்லை. முன்வரிசையில் இருக்கும் அவன் பெற்றோரைப் பார்க்கிறாள். குஷனிலும் சுவரிலும் இருந்த அந்த வாசகங்களையே எடுத்துப் பேசுகிறாள். வேதனை, மகிழ்ச்சி, எல்லாம். அடக்கம் என்பது உயிரோடு இருப்பவர்களுக்காக என்று அவள் முடிவு செய்துவிட்டாள்.

இதைப் படித்ததும் எங்கள் சபைப் பையன் ஒருவன் ஞாபகம் வந்தான். பெயர் வேண்டாம். பிளஸ் டூ படிக்கும்போது அவனுக்கு ரத்தப் புற்றுநோய். விடியற்காலை பஸ் பிடித்துக் கோயமுத்தூர் போய் ஊசி போட்டுக்கொண்டு ராத்திரி திரும்புகிற வாழ்க்கை. பார்க்க வந்தவர்கள் கொடுத்த வசன அட்டைகளை எல்லாம் ஒரு காலி ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருந்தான். தினமும் படிக்கிறாயா என்று கேட்டேன். “படிக்கறதில்லீங்க்கா. குடுத்தவங்க மறுபடி வந்தா தேடுவாங்கல்ல, மனசு நோகும். அதுக்குத்தான் வெச்சிருக்கேன்.” ஆறுதல் சொல்லப் போன எங்கள் எல்லோருக்கும் அந்தப் பையன்தான் ஆறுதல் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறான்.

நாவலோடு எனக்குச் சண்டையும் உண்டு. எண்ணப்பட்ட நாட்களுக்குள்ளே எனக்கு ஒரு முடிவின்மையைக் கொடுத்தாய் என்று ஹேசல் அவனிடம் சொல்வது இந்த நாவலின் புகழ்பெற்ற இடம். (அதற்கு முன் அவள் சொல்லும் கணக்கு, பூஜ்யத்துக்கும் ஒன்றுக்கும் நடுவில் இருப்பதைவிடப் பூஜ்யத்துக்கும் இரண்டுக்கும் நடுவில் அதிக எண்கள் உண்டு என்பது, கணிதப்படி தவறு. கணக்கு டீச்சர்கள் மன்னிக்கவும்.) நாட்களை எண்ணுவது எங்களுக்குப் பழக்கமான வேலை. “எங்கள் நாட்களை எண்ணும் அறிவை எங்களுக்குப் போதித்தருளும்” என்று 90-ஆம் சங்கீதத்தில் மோசே கேட்கிறார். ஹேசலின் எண்ணிக்கையில் இரண்டு பேருக்குத்தான் இடம் இருக்கிறது. மோசேயின் ஜெபம் தலைமுறை தலைமுறையாக ஒரு ஜனம் முழுக்கச் சேர்ந்து எண்ணுவது. மறக்கப்பட்டுவிடுவோமோ என்பதுதான் ஆகஸ்டஸின் பெரிய பயம். ஒருத்தி நினைத்திருந்தால் போதும் என்கிறது நாவல். அந்த ஒருத்திக்கும் நுரையீரல் நிரம்பிக்கொண்டிருக்கிறது. தாயானவள் மறந்தாலும் நான் உன்னை மறப்பதில்லை என்ற ஏசாயா 49-ஐ நான் பிடித்துக்கொள்வது இந்த இடத்தில்தான். கிரீன் அதை ஏற்க வேண்டும் என்று நான் எதிர்பார்க்கவில்லை.

ஆனால் அதைவிடப் பெரிய சண்டை பாட்ரிக்கைப் பற்றியது. பாட்ரிக் நாவல் முழுக்க ஒரு வேடிக்கைப் பொருள். விவாகரத்து ஆனவர், நண்பர்கள் இல்லாதவர், பழைய நோயை வைத்துப் பிழைப்பவர் என்று முதல் அத்தியாயத்திலேயே ஹேசல் அவரை முடித்துவிடுகிறாள். 16 வயதுப் பெண் அப்படித்தான் பார்ப்பாள், சரி. ஆசிரியருக்குமா வேறு கண் இல்லை? செத்தவர்களின் பெயர்களை ஒன்று விடாமல் தாளில் எழுதி வைத்திருப்பது அந்த ஆள்தான். யாரும் கேட்காவிட்டாலும் கடைசிப் பெயர் வரைக்கும் வாசிப்பதும் அந்த ஆள்தான். ஆகஸ்டஸ் பயந்த மறதிக்கு எதிராக அந்தப் புத்தகத்தில் விடாமல் வேலை செய்கிற ஒரே மனிதர்.

நான் சொன்ன பையன் பிழைத்துவிட்டான். இரண்டரை வருடச் சிகிச்சை. இப்போது திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் மெர்ச்சண்டைசர். எங்கள் சபை அவனை பாட்ரிக் ஆக்கிவிட்டது. வருடா வருடம் கன்வென்ஷனில் மேடைக்குக் கூப்பிட்டு சாட்சி சொல்லச் சொல்வோம். நோய் வந்தது, ஜெபித்தோம், கர்த்தர் சுகமாக்கினார். சபையே ஸ்தோத்திரம் சொல்லும். அதே வருடம் அதே வார்டில் மகளைப் பறிகொடுத்த ஒரு தாயும் சபையில் உட்கார்ந்திருப்பார். அவர் மகளுக்காகவும் நாங்கள்தான் ஜெபித்தோம். சாட்சி சொல்லும்போது அந்தப் பக்கம் பார்க்காமல் பேசுவதற்கு அவன் பழகிக்கொண்டுவிட்டான்.

அவனுக்கு இந்த நாவலைக் கொடுத்தேன். லைனில் டெலிவரி தள்ளிப்போன ஒரு வாரத்தில் ராத்திரிகளில் படித்திருக்கிறான். காதல் கதை அவனுக்கு ஒட்டவில்லை. “நானெல்லாம் வாந்தி எடுத்துட்டே கெடந்தேன், இவங்க பிளேன் ஏறிப் போறாங்க” என்றான். ஐசக்கைப் பிடித்திருந்தது. பாட்ரிக்கைப் பற்றிக் கேட்டேன். “அந்தாளு மீதி நாளெல்லாம் என்னுங்க பண்ணுவான்? அதைய ஒரு சாப்டர் எழுதியிருக்கலாமுங்க்கா” என்றான். பிறகு, இந்த வருடம் கன்வென்ஷனில் சாட்சி சொல்லக் கூப்பிட வேண்டாம் என்று ஐயரிடம் (எங்கள் போதகரை அப்படித்தான் கூப்பிடுவோம்) நீங்களே சொல்லிவிடுங்கள் என்றான். விசுவாசம் குறைந்துவிட்டதா என்று யாராவது கேட்பார்கள் என்றும் அவனே சொன்னான்; கேட்டால், ஞாயிற்றுக்கிழமை அவன் எங்கே உட்கார்ந்திருக்கிறான் என்று பார்த்துக்கொள்ளட்டுமாம்.

ஐயரிடம் சொல்லிவிட்டேன். அவர் நல்ல மனிதர், பொறுமையாகக் கேட்டார். நிகழ்ச்சி நிரலை எடுத்து, அவன் பெயரை அடித்துவிட்டு, பேனாவை அப்படியே பிடித்துக்கொண்டு, “அப்போ அந்தப் பத்து நிமிசத்துக்கு யாரைக் கூப்பிடறதுங்க?” என்றார். மகளைப் பறிகொடுத்த அந்த அம்மாவைக் கேட்டுப் பார்க்கலாமா என்றேன். ஜெபித்துவிட்டுச் சொல்கிறேன் என்றார்.